விளையாட்டரங்கம்: கடைசிச் சுற்று

பனிக்காலத்தில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றின் மாணவர்கள் கூரையிட்ட அரங்கினுள் ஓட்டப் பந்தயங்களில் கலந்து கொள்வர். வெளியரங்கில் ஒரு சுற்று 400 மீட்டர். உள்ளரங்கிலோ பெரும்பாலும் 200 மீட்டர். ஆதலின் 800 மீட்டர் ஓடுவோன் நான்கு முறை சுற்றிவர வேண்டும். நெருங்கிய வளைவுகள் கால்களை வருத்தும். ஒரே நாளில் ஒருவனே இரண்டு மூன்று பந்தயங்களில் ஓடுவதும் உண்டு. நால்வர் கூடி ஓடும் 4 × 400 மீட்டர் தொடர் ஓட்டம் வழக்கமாக இறுதியில் வரும். தன் பதக்கத்திற்கென்றே வலிமையனைத்தையும் முன்னரே செலவிட்டவன், அங்கே தோழர் மூவரின் உழைப்பையும் வீணாக்கிவிடக் கூடும்.

நம் பிள்ளைகளையும் எல்லாப் போட்டிகளிலும் சேர்க்கத் துடிக்கிறோம். "எத்தனையில் சேர்ந்தாய்?" என்பதற்கு முன், "கடைசிச் சுற்றுக்கு என்ன மிச்சம் வைத்தாய்?" என்று கேட்போமாக.