சும்மா ஒரு நாள் ரெயிலில் போய் வரலாமா?

"எங்கே அண்ணே, குடும்பத்தோடு கிளம்பிவிட்டீர்கள்?"

"சிதம்பரத்துக்கு."

"என்ன விசேஷம்? கல்யாணமா?"

"விசேஷம் ஒன்றும் இல்லை தம்பி. சும்மா ரெயிலில் போய்விட்டுச் சாயங்காலம் வந்துவிடுவோம்."

கடலூரில் ஒருவர் இப்படிப் பதில் சொன்னால், கேட்டவர் அவரை ஏற இறங்கப் பார்ப்பார். "கையில் பணம் புரளுகிறது போலிருக்கிறது!" என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வார்.

கல்யாணத்துக்குப் போகலாம். சாவுக்குப் போகலாம். ஆஸ்பத்திரிக்குப் போகலாம். கோர்ட்டுக்குக்கூடப் போகலாம். ஆனால் சந்தோஷத்துக்காக மட்டும் ஒரு குடும்பம் ரெயில் ஏறினால், அது வீண் செலவு! பல வீடுகளில் இது எழுதாத சட்டம்.

இந்தச் சட்டத்தை மாற்றினால் என்ன?

யாருக்கு நஷ்டம்?

இதனால் அதிகம் நஷ்டப்படுகிறவர் வீட்டுத் தலைவிதான்.

கணவர் வேலைக்காக நாலு ஊர் போய் வருகிறார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சுற்றுலா அழைத்துப் போகிறார்கள். அந்த அம்மாள் பத்து வருடத்தில் எத்தனை முறை ரெயில் ஏறியிருப்பார்? ஏறியபோதும் மடியில் குழந்தை. காலடியில் சீர்வரிசைப் பாத்திரம். மனதில் கவலை! ஜன்னலுக்கு வெளியே என்ன இருந்தது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. அவர் பார்க்கவே இல்லை.

காரணம் எதுவும் இல்லாத ஒரு பயணம் வேண்டும் என்பது இதற்காகத்தான்.

தச்சர் நடத்திய ரெயில்

இது பணக்காரர்கள் கண்டுபிடித்த பழக்கம் அல்ல.

இங்கிலாந்தில் தாமஸ் குக் என்று ஒருவர் இருந்தார். தச்சு வேலை செய்து பிழைத்தவர். மதுவிலக்குப் பிரசாரம் செய்தவர். குடியை மறக்க வேண்டுமானால், உழைப்பாளிக்கு வேறு நல்ல பொழுதுபோக்கு வேண்டும் என்று அவர் நினைத்தார்.

1841-ம் ஆண்டு ஜூலை மாதம் 5-ந்தேதி சுமார் 500 பேரைத் திரட்டினார். லெஸ்டர் நகரத்தில் இருந்து லப்பரோ என்ற ஊருக்குத் தனி ரெயிலில் அழைத்துப் போனார். போய்வர ஒரு ஷில்லிங் கட்டணம். மாலையில் எல்லோரும் வீடு திரும்பிவிட்டார்கள். பிற்காலத்தில் உலகம் முழுவதும் ஆட்களைச் சுற்றுலா அழைத்துச் சென்ற அவருடைய கம்பெனி, இந்த ஒரு நாள் பயணத்தில்தான் முளைத்தது.

அந்தப் பயணத்தின் தூரம் சுமார் 18 கிலோமீட்டர்தான்! கடலூரில் இருந்து சிதம்பரம் அதைவிட இரண்டு மடங்கு தூரம். சுமார் 40 கிலோமீட்டர். ஒரு நாளுக்கு இது தாராளம்.

பாசஞ்சர் என்றால் இளக்காரமா?

"எக்ஸ்பிரஸ் இருக்கும்போது பாசஞ்சரில் போவானேன்?" என்று சிலர் கேட்பார்கள்.

அவசரக்காரருக்கு எக்ஸ்பிரஸ் சரி. வேடிக்கை பார்க்கப் போகிறவருக்குப் பாசஞ்சர்தான் சரி. அது நின்று நின்று போகும். நிற்கிற இடமெல்லாம் ஓர் ஊர்!

கடலூரிலேயே இரண்டு ரெயில் நிலையங்கள் உண்டு. ஒன்று திருப்பாதிரிப்புலியூர். மற்றது முதுநகர்ப் பக்கம் உள்ள கடலூர் துறைமுகம் சந்திப்பு. (வெளியூர்க்காரர்கள் ஒன்றில் இறங்குவதற்குப் பதிலாக மற்றொன்றில் இறங்கிவிட்டு விழிப்பார்கள்.) திருப்பாதிரிப்புலியூரில் ஏறினால் இரண்டையும் பார்த்துவிடலாம்.

பிறகு ஆலப்பாக்கம். அடுத்தது புதுச்சத்திரம். அப்புறம் பரங்கிப்பேட்டை, கிள்ளை, சிதம்பரம். வழியில் வயல் வரும். சவுக்குத் தோப்பு வரும். ஒவ்வொரு நிலையத்திலும் பிள்ளைகள் பெயர்ப் பலகையைப் படிப்பார்கள். படிக்கப் பழகும் பாட்டியும் எழுத்துக் கூட்டிப் படிக்கலாம். பாசஞ்சர் அதற்கு அவகாசம் கொடுக்கும்!

பரங்கிப்பேட்டை வந்ததும் ஒரு கதை சொல்ல வேண்டும். மைசூரை ஆண்ட ஐதர் அலிக்கும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டுக்கும் 1781-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி இங்கேதான் பெரும் போர் நடந்தது. இன்று இதே ஊரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மீனையும் நண்டையும் பற்றிப் பாடம்!

அடுத்து வெள்ளாற்றுப் பாலம். ஆறு கடலை நெருங்குகிற இடம். அதனால் அகன்று கிடக்கும். ரெயில் பாலத்தில் ஏறியதும் சத்தம் மாறும். தூங்குகிற குழந்தைகூட விழித்துக்கொள்ளும்.

கிள்ளைக்கு அருகில்தான் பிச்சாவரம் சுரபுன்னைக் காடு. 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந்தேதி சுனாமி அடித்தபோது, தன் பின்னால் இருந்த கிராமங்களுக்கு அரணாக நின்ற காடு அது. அங்கே தில்லை மரமும் வளர்கிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்ததே அந்த மரத்தால்தான். படகு சவாரிக்கு ஆசைப்படுகிறவர்கள் அதை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்வது நல்லது. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் ஓட்டம்தான் மிஞ்சும்.

பத்து ரூபாயின் கதை

பணக் கணக்கையும் பார்த்துவிட வேண்டியதுதான்.

பாசஞ்சர் ரெயிலில் குறைந்த கட்டணம் 10 ரூபாய். 2020-ம் ஆண்டு கொரோனா வந்தது. ரெயில்கள் நின்றன. மறுபடி ஓடத் தொடங்கியபோது, பல பாசஞ்சர் ரெயில்களில் எக்ஸ்பிரஸ் கட்டணம் வாங்கினார்கள். ரெயில் அதேதான். வேகமும் அதேதான். கட்டணம் மட்டும் 10 ரூபாயில் இருந்து 30 ரூபாய் ஆகிவிட்டது! 2024-ம் ஆண்டு பிப்ரவரி மாதக் கடைசியில்தான் பழைய கட்டணம் திரும்பி வந்தது.

நாலு பேர் உள்ள குடும்பம் குறைந்த கட்டணத்தில் போய்வர 80 ரூபாய் ஆகும். அதையே 30 ரூபாய் வீதம் கணக்குப் போட்டால் 240 ரூபாய். கூலி வேலை செய்கிற வீட்டில் இந்த 160 ரூபாய் பெரிய விஷயம். போகலாமா, வேண்டாமா என்பதை முடிவு செய்வதே அதுதான்!

ரெயில் இல்லாமலே இருந்த காலமும் உண்டு. மீட்டர்கேஜ் பாதையை அகலப்பாதையாக மாற்றுவதற்காக, விழுப்புரம்-மயிலாடுதுறை மார்க்கத்தில் 2006-ம் ஆண்டு இறுதியில் ரெயிலை நிறுத்தினார்கள். 2010-ம் ஆண்டில்தான் மறுபடி ஓடியது. அத்தனை நாளும் ஆலப்பாக்கத்துக்காரருக்கும் கிள்ளைக்காரருக்கும் பஸ்தான் கதி.

ஆகவே, சின்ன நிலையங்களில் நிற்கிற மலிவான ரெயில் தானாகவே என்றைக்கும் இருக்கும் என்று நினைக்க முடியாது. ஏற ஆள் வேண்டும். வேலைக்குப் போகிறவர்களோடு, சந்தோஷத்துக்குப் போகிறவர்களும் ஏறட்டுமே!

கட்டுச்சோறு வேண்டாம்!

பயணம் என்றதும் புளியோதரை கட்டுவது வழக்கம். ருசியானதுதான். ஆனால் அதைக் கட்டுவது யார்?

அம்மா விடியற்காலை 3 மணிக்கு எழுந்திருக்க வேண்டும். புளி கரைக்க வேண்டும். சாதம் வடித்து ஆறவைக்க வேண்டும். பொட்டலம் கட்ட வேண்டும். பிள்ளைகளைக் குளிப்பாட்ட வேண்டும். கடைசியில் ஓடி வந்து ரெயில் ஏறியதும் அவர் தூங்கிவிடுவார். மற்றவர்களுக்கு உல்லாசம், அவருக்கு இரட்டை வேலை!

தண்ணீர் மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். காலையில் இட்லியைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். மத்தியானம் சிதம்பரத்தில் சாப்பாடு. அங்கே கத்திரிக்காய் கொத்சு பெயர் பெற்றது. ஒரு வேளை பிறர் சமைத்ததை உட்கார்ந்து சாப்பிடுவது அந்த அம்மாளுக்குப் பெரிய ஓய்வு. "அந்தக் காசுக்கு வீட்டில் இரண்டு நாள் சமைக்கலாமே" என்று அவரே சொல்வார். அவர் பேச்சை அன்றைக்கு மட்டும் கேட்கக்கூடாது!

இன்னொன்று. ஜன்னல் ஓரத்தைப் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். போகும்போது அவர்கள் உட்காரட்டும். வரும்போது அம்மா உட்காரட்டும். செல்போனை அப்பா தம் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளட்டும். அவர் எடுத்துப் பார்த்தால் பிள்ளைகளும் கேட்பார்கள்.

சிதம்பரத்தில்...

நிலையத்துக்குக் கிழக்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகம். ராஜா சர் அண்ணாமலை செட்டியார் முயற்சியால் 1929-ம் ஆண்டில் ஏற்பட்டது. "இவ்வளவு பெரிய பள்ளிக்கூடமா!" என்று ஒரு பிள்ளை வாயைப் பிளந்தால், வந்த செலவு அதிலேயே தீர்ந்துவிட்டது.

நடராஜர் கோவில் ஊருக்குள் இருக்கிறது. நண்பகலில் நடை சாத்துவார்கள். ஆகையால் முதலில் கோவிலுக்குப் போய்விட வேண்டும். கோபுர வாசல்களில் நாட்டியத்தின் 108 கரணங்களையும் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு சிலையாகப் பார்த்து, "இதுபோல் காலைத் தூக்கு, பார்க்கலாம்!" என்று பிள்ளைகள் ஒருவருக்கொருவர் போட்டி போடுவார்கள். போடட்டும்! யாருக்கும் அவசரம் இல்லை.

ஆருத்ரா தரிசனம், ஆனித் திருமஞ்சன நாட்களில் கூட்டம் நெரியும். கைக்குழந்தைக்காரர்களுக்கு அந்த நாட்கள் ஏற்றவை அல்ல. சாதாரண ஞாயிற்றுக்கிழமை போதும்.

சாயங்காலம் திரும்புகிற பாசஞ்சர் எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் இறங்கியவுடனேயே நிலையத்தில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். எல்லா ரெயிலும் எல்லா நாளும் ஓடுவதில்லை. அரை மணி முன்னதாக வந்துவிட்டால், பிளாட்பாரத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறிக்கலாம். தவறவிட்டுவிட்டால் கடலூருக்குப் பஸ் இருக்கிறது. ஆனால் அதில் வெள்ளாற்றுப் பாலத்தின் தடதட சத்தம் கேட்காது. பிள்ளைகள் கோபித்துக்கொள்வார்கள்!