துளையும் படியும்

கேட்-கேம் மென்பொருளின் தானியங்கித் துளைத் தேர்வு சில துளைகளை விட்டுவிட்டால், பழி மென்பொருளின் மீதே விழுகிறது. பெரும்பாலும் அது நியாயமன்று. அந்நிரல் தேடுவது துளையை அன்று, உருளைப் பரப்பை.

வேறொரு மென்பொருளிலிருந்து ஸ்டெப் கோப்பாக வந்த மாதிரியில் ஒரே துளை இரண்டு அரையுருளைகளாகப் பிளந்திருக்கலாம். ஸ்பிளைன் பரப்பாகவும் மாறியிருக்கலாம். கண்ணுக்கு வட்டம்தான். முழு உருளையை மட்டும் ஏற்கும் நிரலுக்கு அங்கே ஒன்றுமில்லை. 5/16 அங்குலத் துளையின் விட்டம் 7.9375 மி.மீ.; 8 என்று வடிகட்டினால் அகப்படாது. ஆகவே அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்க்கும் முன், விடுபட்ட பரப்பைச் சொடுக்கி அதன் வகை, விட்டம், அச்சுத் திசை மூன்றையும் காண வேண்டும்.

விடுபடுவதைவிட அஞ்சத்தக்கது, தவறாக அகப்படுவது. எம்8 மரைக்கான முன்துளை 6.8 மி.மீ. மரை வெறும் குறிப்பாக மட்டும் இருந்தால், கோப்பு மாற்றத்தில் அது உதிர்ந்து உருளை மட்டும் எஞ்சலாம். அது மரைக்கானதா, வெறுந்துளையா? வடிவம் சொல்லாது. ‘படி’ என்ற சொல் தனித்து நின்றால் வினையா பெயரா என்று சொல்ல இயலாததைப் போன்றதே இது (மொழியியல் மாணவர்க்குப் பழகிய தொல்லை). சூழலை வரைபடம்தான் தரும்.

செய்முறை வகுப்புகள் பலவும் பொத்தான் இருக்குமிடத்தைக் காட்டுவதோடு நின்றுவிடுகின்றன. தேர்வான துளைகளின் பட்டியலை வரைபடத்தோடு ஒப்பிடுவதற்குத் தனி மதிப்பெண் வேண்டும். எண்ணிக்கை, விட்டம், மரை மூன்றும் ஒத்துவராத மாணவரின் நிரல் இயந்திரத்துக்குச் செல்லக் கூடாது.