தேடுபொறியும் எமது தெரிவே



காணாமல் போன உறவு, உடலில் தென்பட்ட கட்டி, காணி உறுதி, கடன் வட்டி என்று வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் விடயங்களை நாம் கைத்தொலைபேசியில் தேடுகிறோம். நானும் அப்படித்தான். அந்தக் கேள்விகள் யாரிடம் போகின்றன என்று அறிவது எமது உரிமை.

குரோம் என்பது உலாவி. அதில் விடை தேடித் தருவது தேடுபொறி. அநேகமான தொலைபேசிகளில் கூகுளே முன்கூட்டிப் பொருத்தப்பட்டு வருகிறது. பலர் அதை மாற்றுவதில்லை என்பது நிறுவனங்களுக்குத் தெரியும். அப்பிளின் உலாவியில் அந்த இடத்தைப் பெற, 2022ஆம் ஆண்டில் கூகுள் 2000 கோடி டொலர் கொடுத்ததை அமெரிக்க நீதிமன்ற ஆவணங்கள் காட்டின.

மாற்றுவது எளிது. குரோமின் மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொடுங்கள். 'அமைப்புகள்' (செற்றிங்ஸ்), பின்னர் 'தேடல் இன்ஜின்' (சேர்ச் என்ஜின்) என்பவற்றுக்குச் சென்று விரும்பிய பெயரைத் தெரிவு செய்யுங்கள். நான் டக்டக்கோவை வைத்திருக்கிறேன். எவர் எதைத் தேடினார் என்று சேமித்து வைப்பதில்லை என்பது அதன் கொள்கை. தமிழில் போதிய விடை கிடைக்காதபோது மட்டும் கூகுள் பக்கத்திற்குப் போவேன்.

இன்னொன்று. தேடுபொறியை மாற்றினாலும், பார்த்த பக்கங்களின் பட்டியல் தொலைபேசியிலேயே இருக்கும். வீட்டில் பலர் ஒரே தொலைபேசியைப் பாவித்தால், அதே மூன்று புள்ளிகளைத் தொட்டு 'வரலாறு' (ஹிஸ்ரறி) என்ற பகுதிக்குச் சென்று அதை அழித்துவிடுங்கள்.

எமது கவலைகளை யாரிடம் சொல்வது என்பதை நாமே தீர்மானிப்போம்.