ரத்தம் அவளுடையது, அட்டை யாருடையது?

அரிவாளணுச் சோகையை ஒழிக்கும் திட்டத்தை 2023 ஜூலையில் ஒன்றிய அரசு தொடங்கியது. ஆதிவாசிப் பகுதிகளில் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரின் ரத்தத்தைச் சோதித்து அட்டை கொடுப்பது இலக்கு. சோதனை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இந்தியாவில் இந்த அணுவை முதலில் கண்டது 1952-இல், நீலகிரி ஆதிவாசிகளின் ரத்தத்தில். கண்டவர்கள் கட்டுரை எழுதினார்கள். ரத்தம் கொடுத்தவர்கள் காத்துக் கிடந்தார்கள். இப்பவாவது வரட்டும்.

ஆனால் தோழர்களே, ஒரு கேள்வி. பதினைந்து வயசுப் பெண்ணின் ரத்தம் சொல்வதை முதலில் யார் கேட்பது? அவளா, அப்பனா, அதிகாரியா?

ஒரு சொட்டு ரத்தத்தில் இரண்டு சேதி இருக்கு. நோய் இருக்கிறது என்பது ஒன்று. அதை உடனே சொல்லியாக வேண்டும். தடுப்பூசியும் ஹைட்ராக்சியூரியாவும் உயிரைக் காக்கும். இங்கே பெற்றோர் தயங்கக் கூடாது.

'கடத்தி' என்பது வேறு சேதி. தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணு வந்திருக்கிறது. அவள் நோயாளி இல்லை. அவள் கட்டிக்கொள்பவனும் கடத்தியாக இருந்தால்தான், ஒவ்வொரு பிள்ளைப்பேறிலும் நோய்க்கு நாலில் ஒரு வாய்ப்பு. பதினைந்து வயசில் இதற்கென்ன அவசரம்? சிறுவயதில் மருத்துவப் பயன் தராத கடத்திச் சோதனையை வழக்கமாக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பே 2013-இல் சொல்லியிருக்கிறது.

1971-இல் கருஞ்சிறுத்தைகள் தங்கள் மக்களுக்குத் தாங்களே இலவசமாக இந்தச் சோதனையைச் செய்தார்கள். அது விடுதலை வேலை. அதே காலத்தில் சில மாநில அரசுகள் கறுப்பருக்குச் சோதனையைக் கட்டாயமாக்கின. கடத்தியையும் நோயாளி என்றார்கள். வேலை மறுத்தார்கள், காப்பீடு மறுத்தார்கள். விமானப்படை அகாதெமி 1981 வரை கதவைச் சாத்தியே வைத்திருந்தது. சோதனை ஒன்றுதான். முடிவு யார் கையில் என்பதில்தான் எல்லாம் இருக்கு.

சாதி பார்த்து, சாதகம் பார்த்துக் கல்யாணம் செய்யும் நாடு இது. இங்கே அட்டையும் ஒரு சாதகம் ஆகாதா? "பொண்ணு ரத்தத்துலயே குறை" என்று சொல்ல எத்தனை நேரமாகும்? ஆம்பளை அட்டையை யார் கேட்கப்போறாங்க?

ஆகவே நாம் கேட்பது இதுதான். குத்துவதற்கு முன்னால் பிள்ளையிடம் அவள் மொழியில் பேசு. நோய் என்றால் வீட்டுக்கே சொல். கடத்தி என்றால் அவள் கேட்கும் நாளில் அவளிடம் சொல். கேட்க மாட்டேன் என்றால் அதுவும் அவள் உரிமை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பிள்ளையின் ரத்தத்துக்குக் காவல் இருங்க. சொந்தம் கொண்டாடாதீங்க.