கடைமடைப் பள்ளிக்கும் வந்து சேரட்டும் டிஜிட்டல் பாடம்

ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்ததும் டெல்டாவில் அடுத்து எழும் கேள்வி ஒன்றுதான்: "கடைமடைக்குத் தண்ணி வந்துடுச்சா?" அணையில் எத்தனை அடி இருந்தாலும், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து வாய்க்காலுக்கு வராத தண்ணீரால் அந்த விவசாயிக்கு என்ன பயன்? பள்ளிக்கூடங்களுக்கு வரும் டிஜிட்டல் வசதிகளையும் இப்படித்தான் பார்க்க வேண்டும்.

என்னென்ன வந்தது?

2011-ல் விலையில்லா மடிக்கணினித் திட்டம். 2018-ல் புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடு. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி. பிறகு உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள், தொடக்கப் பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறைகள், ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினி. வாங்கிக் கொடுத்ததில் தமிழ்நாட்டைக் குறை சொல்ல முடியாது.

அப்புறம் என்ன சிக்கல்?

சிக்கல் எங்கே என்பதைக் கொரோனா காட்டியது. 2021-ம் ஆண்டின் 'ஏசர்' ஆய்வின்படி, நாட்டின் கிராமப்புறங்களில் பள்ளியில் சேர்ந்திருந்த பிள்ளைகளில் 67.6 சதவீதத்தினர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. ஆனால் அந்த வீடுகளிலும் 26.1 சதவீதப் பிள்ளைகளுக்கு அது கைக்குக் கிடைக்கவில்லை. "ஃபோன் அப்பாகிட்ட இருக்கு சார், ராத்திரிதான் வருவாரு" என்ற பதிலைக் கேட்காத ஆசிரியர் உண்டா? நடவுக்கும் அறுப்புக்கும் போகும் குடும்பத்தில் ஒரு ஃபோன், மூன்று பிள்ளைகள் என்றால், பெரும்பாலும் பெண் பிள்ளையின் முறை கடைசியில்தான் வரும். கடைசியில் அந்த இடைவெளியை அடைக்க 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டு, தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் நேரில் வந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

இன்னொரு பாடத்தைக் கஜா புயல் கற்றுக்கொடுத்தது. 2018 நவம்பர் 16-க்குப் பிறகு மின்கம்பங்கள் சாய்ந்து, பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. கரண்ட் இல்லாத ஊரில் திறன் பலகை வெறும் பலகைதான். புயலும் மழையும் வருஷா வருஷம் வந்துபோகும் மண்ணில், கரும்பலகையும் சாக்பீஸும் தெரிந்த ஆசிரியரும் என்றைக்கும் தயாராக இருக்க வேண்டும்.

சரி, என்னதான் செய்யலாம்?

முதலில், எல்லா வீட்டிலும் ஃபோன் இருப்பதாக நினைத்து வீட்டுப்பாடம் கொடுப்பதை நிறுத்த வேண்டும். வாட்ஸ்அப்பில் போடுவதை வகுப்பிலும் எழுதிப் போடலாம். காணொலிப் பாடங்களை இணையம் உள்ள நேரத்தில் பதிவிறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொண்டால், டவர் இல்லாத நாளிலும் பாடம் நிற்காது. காது கேளாத பிள்ளைக்குக் காணொலியில் தமிழ் எழுத்து வரிகள் வேண்டும். பார்வையற்ற பிள்ளைக்கு, திரையில் உள்ளதைத் தமிழில் படித்துச் சொல்லும் என்விடிஏ போன்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதைப் பள்ளிக் கணினியில் நிறுவிப் பழக்கினாலே போதும்.

அடுத்தது பராமரிப்பு. கருவி வாங்க ஒதுக்கும் பணத்தோடு பழுது பார்க்கவும் ஒரு பங்கு ஒதுக்கி, அதைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் கையில் கொடுக்கலாம். ஒன்றியத்துக்கு ஒரு பழுதுநீக்குபவர் இருந்தால், பேட்டரி போன கணினி பீரோவுக்குள் தூங்காது. சரிசெய்யவே முடியாததைக் குப்பையில் கொட்டாமல், 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.

யுனெஸ்கோவின் 2023 அறிக்கையும் இதையே கேட்கிறது: தொழில்நுட்பம் எல்லோருக்கும் சமமாகச் சேருமா, நீடித்து நிற்குமா? டெல்டாக்காரர்களுக்கு இது புதுக் கேள்வி அல்ல. தூர்வாராத வாய்க்காலில் தண்ணீர் ஓடாது. இனி ஒவ்வொரு திட்டத்தையும் எத்தனை கருவி கொடுத்தோம் என்று எண்ணாமல், கடைமடைப் பள்ளியின் கடைசிப் பெஞ்சுப் பிள்ளை அதில் என்ன கற்றது என்று கேட்டு அளப்போம்.