புகை குறைந்தால் நஞ்சு குறைந்ததாகுமா?

பயோ டீசல் ஊற்றி ஆயில் என்ஜினை ஓட்டிப் பார்த்த விவசாயிகள் சொல்லும் முதல் செய்தி, "கரும்புகை குறைந்துவிட்டது, வடை சுடும் வாசம் வருகிறது" என்பதாகும். இது உண்மையே. ஆனால் புகை கண்ணுக்குத் தெரியவில்லை, மூக்கை உறுத்தவில்லை என்பதற்காக, என்ஜினைக் கொட்டகைக்குள் வைத்து அருகிலேயே படுத்துக்கொள்ளலாம் என்று எண்ணுவது பெருந்தவறு. 2030-ஆம் ஆண்டுக்குள் டீசலில் 5 சதவீதம் பயோ டீசல் கலக்க வேண்டும் என்பது 2018-ஆம் ஆண்டு தேசியக் கொள்கையின் இலக்கு. ஆகவே இதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

முதலில், எது பயோ டீசல்? புங்கன், காட்டாமணக்கு போன்ற வித்துக்களின் எண்ணெயை, அல்லது பலகாரம் சுட்டு மீந்த எண்ணெயை, மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்து வினைபுரியச் செய்து, கிளிசரினைப் பிரித்து நீக்கிய பின் கிடைப்பதே பயோ டீசல். செக்கில் ஆட்டிய எண்ணெய் பயோ டீசல் அன்று. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் நிலக்கடலை எண்ணெயிலேயே ஒரு டீசல் என்ஜின் ஓடியது. அதைக் கேள்விப்பட்டு எண்ணெயை நேராக டாங்கில் ஊற்றுவோர் உண்டு. எண்ணெயின் பிசுபிசுப்பு டீசலைவிட ஏறத்தாழ பத்து மடங்கு. நாசில் அதைப் பனித்துளிபோலத் தூவ இயலாது. பெரிய துளிகள் அரைகுறையாக எரிந்து நாசில் முனையில் கரி கட்டும். பிஸ்டன் ரிங்குகள் ஒட்டிக்கொள்ளும். நாளடைவில் புகை கூடுமே தவிரக் குறையாது.

முறையாகத் தயாரித்த பயோ டீசலில் எடைக்கு நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் பிராணவாயு அடங்கியுள்ளது. அதனால் அது நன்கு எரிகிறது. அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பல சோதனைகளைத் தொகுத்து 2002-இல் வெளியிட்ட கணக்கின்படி, டீசலில் 20 சதவீதம் பயோ டீசல் கலந்தபோது கரித்துகள் 10 சதவீதமும், கார்பன் மோனாக்சைடு 11 சதவீதமும், எரியாத ஹைட்ரோகார்பன்கள் 21 சதவீதமும் குறைந்தன. முழுக்க பயோ டீசலில் ஓட்டியபோது இவை முறையே 47, 48, 67 சதவீதம் குறைந்தன. ஆனால் நைட்ரஜன் ஆக்சைடுகள் 2 முதல் 10 சதவீதம் வரை கூடின. சிலிண்டரின் கடும் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனே இவ்வாறு மாறுகிறது. இது நுரையீரலை அரிக்கும். இக்கணக்கு பெரும்பாலும் கனரக வண்டி என்ஜின்களில் கண்டது. நமது ஒற்றைச் சிலிண்டர் என்ஜினில் எண்கள் முன்பின் மாறலாம்.

இங்கேதான் விவசாயிகள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறைந்தாலும், மீதிப் பாதி ஆளைக் கொல்லப் போதுமானது. அதற்கு நிறமில்லை, வாசமில்லை. நீர்மட்டம் இறங்கிய கிணற்றுக்குள் என்ஜினை இறக்கி ஓட்டி, அதைப் பார்க்க இறங்கியவரும், அவரைத் தூக்க இறங்கியவரும் மாண்ட செய்திகள் நாம் அறிந்தவையே. டீசல் புகையாவது கண்ணைக் கரித்து, இருமலைக் கொடுத்து நம்மை வெளியே விரட்டும். வடை வாசம் விரட்டாது. மேலும் 20 சதவீதக் கலவையில் மீதி 80 பங்கும் டீசலே. டீசல் புகை நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-இல் அறிவித்துள்ளது.

2003-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காட்டாமணக்கு தரிசிலும் தண்ணீரின்றிக் காய்த்துக் கொட்டும் என்று சொல்லப்பட்டது. அதைச் சொன்னவர்களில் என்னைப் போன்ற விஞ்ஞானிகளும் உண்டு. நம்பி நட்டவர்கள் பலர் செடியைப் பிடுங்கி எறிந்தார்கள். அன்று விளைச்சலை மிகைப்படுத்தினோம். இன்று புகையின் தீமையைக் குறைத்துச் சொல்லக் கூடாது என்பதே என் கருத்து.

ஆகவே, எந்த எரிபொருளானாலும் என்ஜினைத் திறந்த வெளியில் வையுங்கள். கொட்டகையில் இருந்தால் புகைக்குழாயைக் கூரைக்கு மேலே நீட்டுங்கள். கிணற்றுக்குள் இறக்கவே வேண்டாம். யாரேனும் உள்ளே மயங்கி விழுந்தால் பதறி இறங்காமல் தீயணைப்புத் துறையை அழையுங்கள். கரும்புகை வந்தால் எரிபொருளை மாற்றும் முன் ஏர் பில்டரைச் சுத்தம் செய்து, நாசிலைச் சோதித்து, அதிகச் சுமையைக் குறையுங்கள். பாதிக் குறை இதிலேயே தீரும்.

பயோ டீசல் வாங்குவோர் ஐ.எஸ். 15607 தரச் சான்று கேட்டு வாங்கி, 20 சதவீதத்துக்கு மேல் கலக்காமல் தொடங்கலாம். அது டாங்கின் பழைய கசடைக் கரைப்பதால் முதலில் டீசல் பில்டர் அடைத்துக்கொள்ளும். மாற்று பில்டர் ஒன்று கையில் இருக்கட்டும். பழைய ரப்பர் குழாய்கள் இளகும் என்பதால் அவற்றையும் மாற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் சேமித்து வைத்தால் கெட்டுவிடும். மெத்தனால் குடித்தால் பார்வையும் உயிரும் போகும் நஞ்சு, எளிதில் தீப்பற்றும். வீட்டில் வைத்துத் தயாரிக்க முயல வேண்டாம்.

தரம் சோதித்த பயோ டீசலைக் கூட்டுறவுச் சங்கங்கள் வாயிலாக வழங்க அரசு முன்வந்தால், சிறு விவசாயி கலப்படத்தில் ஏமாறாமல் பயன் பெறுவார். பயோ டீசல் நல்ல எரிபொருள்தான். ஆனால் அதன் புகையும் புகைதான்.