சிறுதேரும் முதல்நாட் சந்தையும்

யப்பான் நாட்டின் கியோத்தோ நகரத்து நின்டென்டோ நிறுவனம், 2025 ஆம் ஆண்டு யூன் மாதம் 5 ஆந் திகதி ‘சுவிட்ச் 2’ என்னும் வீடியோ விளையாட்டுக் கருவியைச் சந்தைக்குக் கொணர்ந்தது. நான்கே நாட்களில் உலகெங்கும் 35 இலட்சத்துக்கு மேற்பட்ட கருவிகள் விலைபோயின. 1889 இல் சீட்டுக்கட்டுச் செய்யத் தொடங்கிய அந்நிறுவனத்தின் வரலாற்றில், வேறெந்த விளையாட்டுக் கருவியும் தொடக்கத்தில் இத்துணை விரைவாக விற்றதில்லை. செப்ரெம்பர் முடிவில் விற்பனைத் தொகை ஒரு கோடியே 3 இலட்சத்தைக் கடந்தது.

தமிழ்ப் பண்டிதனுக்கும் இவ்வணிகச் செய்திக்கும் என்ன தொடர்பு என்று அன்பர் சிலர் வினவக்கூடும். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர், ஆண்பாற் பருவங்களுள் இறுதியாகச் சிறுதேர்ப் பருவத்தை வைத்தனர். குழந்தை உருட்டும் தேரையும் பாட்டுக்குரிய பொருளாக மதித்த மொழி நம்முடையது. சுவிட்ச் 2 உடன் மிகுதியாக விற்ற ‘மரியோ கார்ட் வேர்ல்ட்’ என்பதும் சிறுதேர் ஓட்டும் ஆட்டமே. வன்னியிலே இக்கருவியைக் கண்ணாற் கண்டிராத என் மாணாக்கரும், கையடக்கத் தொலைபேசியின் வாயிலாக அதன் பெயரையும் ஆட்டத்தையும் நன்கு அறிந்திருக்கின்றனர். பிள்ளைகளின் உள்ளத்தில் இடங்கொண்ட ஒன்றை ஆசிரியர் அறியாதிருத்தல் தகாது.

இவ்விற்பனைக்குக் காரணம் புதுமை மோகமே என்று பலர் எளிதிற் கூறிவிடுவர். அக்கூற்று ஆராய்ச்சிக்கு நிற்காது. அதே நிறுவனம் 2012 நவம்பரில் ‘வீ யூ’ என்னும் புதிய கருவியை வெளியிட்டது. அதற்கு முந்திய ‘வீ’ பத்துக் கோடிக்கு மேல் விற்றது. அதன் ஆட்டங்களும் வீ யூவில் ஓடின. எனினும் வீ யூ தன் வாழ்நாள் முழுவதிலும் ஒரு கோடியே 35 இலட்சமளவே விற்றது. அது புதிய கருவியா, பழையதன் துணைப்பொருளா என்று வாங்குவோர் மயங்கினர். புதிய ஆட்டங்களும் தாமதமாகவே வந்தன. எனவே புதுமை மட்டும் சந்தையை வெல்வதில்லை. பழமையும் தனித்து நின்று வெல்வதில்லை.

சுவிட்ச் 2 இல் இவ்விரண்டும் இசைந்தமை முதற் காரணம். 2017 மார்ச் 3 இல் வெளிவந்த முதலாவது சுவிட்ச், 2025 மார்ச் முடிவுக்குள் 15 கோடிக்கு மேல் விற்றிருந்தது. அதற்கென வாங்கிய ஆட்டங்களுட் பெரும்பாலானவை புதிய கருவியிலும் ஓடும். எட்டாண்டுகளாகச் சேர்த்த செல்வத்தைத் துறந்து வரும்படி எவரும் கேட்கப்படவில்லை. பெயரும் மயக்கந் தராது, இஃது இரண்டாவது என்று நேரே கூறிற்று. 2009 இல் முடிந்த போரின் இறுதி மாதங்களில் ஏட்டையும் நூலையும் சான்றிதழையும் வழிநெடுக விட்டுவந்த வன்னி மக்களுக்கு, உள்ளதைக் கைவிடாமற் புதிய இடம் புகுதலின் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

இரண்டாவது காரணம் பொருளிருப்பு. முதலாவது சுவிட்ச் வெளிவந்த மாதத்தில் 27 இலட்சம் கருவிகள் விற்றன. அதன்பின் கடைகளில் நீண்டகாலம் தட்டுப்பாடு நிலவியது. 2020 இல் வந்த சோனி நிறுவனத்தின் ‘பிளேஸ்டேஷன் 5’ என்பதும் அவ்வாறே அரிதாகி, இடைத்தரகர் கையில் இருமடங்கு விலை பெற்றது. இம்முறை நின்டென்டோ முன்கூட்டியே பெருந்தொகைக் கருவிகளைச் செய்து குவித்தது. அங்ஙனமிருந்தும் யப்பானில் அதன் சொந்த விற்பனைத் தளத்துக் குலுக்கலுக்கு ஏறத்தாழ 22 இலட்சம் பேர் விண்ணப்பித்தனர். பழைய கருவியில் 50 மணி நேரமேனும் விளையாடியவராகவும், ஓராண்டுச் சந்தா செலுத்தியவராகவும் இருத்தல் வேண்டுமென விதி வகுத்தனர். பதுக்குவோன் பின்னே தள்ளப்பட்டான். பழகியவன் முன்னே அழைக்கப்பட்டான்.

மூன்றாவது காரணம் ஆட்டமே. யூன் முடிவில் விற்ற கருவிகள் 58 இலட்சம். மரியோ கார்ட் வேர்ல்ட் 56 இலட்சம். கருவி கொண்டோர் ஏறத்தாழ அனைவரும் அவ்வாட்டத்தையும் கொண்டனர் என்பது இதனாற் புலப்படும். பலர் சேர்ந்திருந்து, வென்றவனைப் பாராட்டியும் தோற்றவனை நகைத்தும் ஆடுவது அது. நம்மூர்க் கிளித்தட்டின் இன்பமும் கோட்டில் இல்லை, கூட்டத்திலன்றோ இருக்கிறது!

நான்காவது, விலை பற்றிய அச்சம். 2025 ஏப்ரில் 2 இல் அமெரிக்கா புதிய இறக்குமதித் தீர்வைகளை அறிவித்தது. இக்கருவியில் ஒரு பங்கைச் செய்யும் வியட்நாமுக்கு நூற்றுக்கு 46, இலங்கைக்கு 44. கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரையும் கலங்கவைத்த பட்டியல் அது. அமெரிக்காவில் முன்பதிவு ஏப்ரில் 24 வரை தள்ளிப்போயிற்று. அறிவித்த 449.99 டொலர் விலையோ வெளியீட்டு நாளில் உயர்த்தப்படவில்லை. நாளை ஏறலாம் என்ற எண்ணம் சிலரை இன்றே வாங்கத் தூண்டியிருத்தல் கூடும்.

இனி, என் உள்ளத்தைப் பெரிதும் ஈர்த்த ஐந்தாவது காரணத்துக்கு வருகிறேன். யப்பானில் இக்கருவி இருவகையாக விற்கப்பட்டது. பன்மொழிக் கருவியின் விலை 69,980 யென். யப்பானிய மொழியில் மாத்திரம் இயங்குவதன் விலை 49,980 யென். யென்னின் பெறுமதி தாழ்ந்திருந்த அக்காலத்தில், எல்லார்க்கும் மலிவாக விற்றிருப்பின் பிறநாட்டு வணிகர் அள்ளிச் சென்றிருப்பர். அதனைத் தடுக்கத் தாய்மொழியையே வேலியாக நாட்டினர். தம் மொழியிலே விளையாடும் பிள்ளைக்கு இருபதாயிரம் யென் மிச்சம்! மொழிப்பற்றை மேடையிற் பேசாமல் விலைச்சீட்டில் எழுதிய செயல் இது.

அக்கருவி அறிந்த மொழிகளுள் தமிழ் இல்லை. ஏழு கோடிக்கு மேற்பட்டோர் பேசும் மொழிக்கு இடமில்லையே என்று வெகுளுதல் எளிது. ஆயின் வணிகன் பேசுவோரை எண்ணுவதில்லை, வாங்குவோரையே எண்ணுகிறான். தமிழில் இயங்கவல்ல தொலைபேசியையும் ஆங்கிலத்திலேயே வைத்திருப்போர் நம்மிற் பலர்; தமிழாசிரியரும் அவருள் அடங்குவர். உள்ளதைப் பயன்கொள்ளாத நாம், இல்லாததை எவரிடம் சென்று கேட்பது?

பழையதைப் புதியதிற் செலுத்தும் முதற் காரணமும் நமக்கு ஒரு கடமையைக் காட்டுகிறது. பல்லாண்டுகளாகப் ‘பாமினி’ எழுத்துருவில் அச்சுக்கோத்த பாடசாலை மலர்களும் மாணவர் சஞ்சிகைகளும் இன்றைய கணினியிலும் தொலைபேசியிலும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றுகின்றன. விளையாட்டுச் செய்வோன் பழைய ஆட்டத்தைக் காக்கிறான். நாமோ நேற்றெழுதிய தமிழை இன்று வாசிக்க முடியாது கிடக்கவிட்டிருக்கிறோம். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருவர் அமர்ந்து பிழை திருத்தல் வேண்டும், அவ்வளவே. கணினி அறையுள்ள பாடசாலை ஒவ்வொன்றும் வரும் விடுமுறையில் தன் பழைய மலர் ஒன்றையேனும் எடுத்து இப்பணியைத் தொடங்கலாம். பொத்தான் அழுத்தத் தெரிந்த மாணாக்கரும், பிழை காணத் தெரிந்த ஆசிரியரும் வன்னியில் உளர்.